அம்மிணிக்கு அமினோ

வாங்கு அம்மிணி, நல்லா வாங்கு. சம்பாரிக்கற புள்ள, ஆசைப்பட்டத வாங்கறதுக்கு இந்த அப்புச்சிகிட்ட என்ன உத்தரவு கேக்கறே? பொடக்காலித் திண்டுல உன்ற குப்பியெல்லாம் வரிசை கட்டி நிக்கறத இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். ஒண்ணுல அமினோ ஆசிட் ஷாம்புன்னு எழுதியிருக்குது. இன்னொண்ணுல அமினோ ரிப்பேர் மாஸ்க். கட்டைவிரல் ஒசரத்துல ஒரு குப்பி, அதுல சீரமாமா. உன்ற அமுச்சி சோப்பு டப்பாவ வெக்க எடமில்லாமக் கையில புடிச்சுட்டு நிக்கறா. அவளுக்கு ஒரு ஓரமா நாலு வெரக்கடை எடம் உட்டுட்டு மிச்சத் திண்டெல்லாம் நீயே வெச்சுக்க. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்.

சொல்லமாட்டேன்னுதான் திண்ணையில வந்து உக்காந்தேன். ஆனா பாதி ஆயுசு உரக்கடைக் கல்லாவுல உக்காந்தவன் நான். லேபிளக் கண்டா சும்மா இருக்க முடியறதில்லே.

அந்தக் கல்லாவுல கத்துக்கிட்ட வித்தை ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லாதே. நோவு வந்த செடிக்கு மருந்து விக்கறது சுலபம். நல்லா இருக்கற செடிக்கு எதையாவது விக்கறதுலதான் யேவாரியோட சாமர்த்தியமே இருக்குது. அதுக்குன்னே வந்ததுதான் வளர்ச்சி ஊக்கி. பச்சை எலை படம் போட்ட டப்பா, அதுல கொட்டை எழுத்துல அமினோன்னு இருக்கும். "இதுல என்னங்க இருக்குது?"ன்னு கேப்பாங்க. "அமினோ அமிலமுங்க"ன்னு சொல்லுவேன். "அப்படின்னா ரெண்டு குடுங்க"ம்பாங்க. அப்படின்னா என்னன்னு ஒருத்தரும் கேட்டதில்லே, நானும் வலியப் போய்ச் சொன்னதில்லே. 2021-ல மத்திய சர்க்கார் அந்தச் சரக்கையெல்லாம் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள கொண்டாந்தாங்க. உள்ள என்ன இருக்குதுன்னு கணக்குக் குடுன்னாங்க. பல டப்பா அதோட காணாமப் போயிருச்சு. போனதுக எங்க போச்சோன்னு வெசனப்பட்டுட்டு இருந்தேன். உன்ற குப்பியப் பாத்ததும் நெஞ்சு குளுந்துது, அந்த வார்த்தைக்கு இன்னும் மவுசு கொறையலே.

சரி, அமினோ அமிலம்னா என்ன? உனக்குத் தெரியும், நீ படிச்ச புள்ள. உன்ற மாமன் தோட்டத்துல நீல பேரல் ஒண்ணு வேப்பமரத்தடியில இருக்குதே, நீ மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவியே, அதுக்குள்ள இருக்கறது மீன் அமிலம். மீன் கழிவும் நாட்டுச் சக்கரையும் சரிக்குச் சரி போட்டு மூடி வெச்சா, மூணு வாரம் போனாத் தேன் நெறத்துல ஒரு சாறு எறங்கும். பத்து லிட்டர் டேங்குக்கு 100 மில்லி ஊத்திக் கத்திரிக்கு அடிக்கறான். மீனுல இருக்கற புரதத்த நுண்ணுயிரிக கடிச்சு ஒடைக்குது. ஒடைஞ்ச துண்டுகதான் அமினோ அமிலம். உன்ற குப்பிக்குப் பின்னாடி 'ஹைட்ரோலைஸ்டு கோதுமைப் புரதம்', 'ஹைட்ரோலைஸ்டு பட்டுப் புரதம்'னு எழுதியிருக்குதே, அதுவும் ஒடைச்ச புரதந்தான். அங்க அமிலத்தையோ நொதியையோ போட்டுச் சுத்தமா ஒடைக்கறாங்க, ஒடைச்சு நல்ல வாசனையும் சேக்கறாங்க. நம்ம பேரல்ல வாசனை மட்டும் தப்பிப் போச்சு.

ஒரே ஒரு வித்தியாசம் இருக்குது அம்மிணி. கத்திரி எலைக்கு உசுரு உண்டு. மேல அடிச்சதுல கொஞ்சமாவது உள்ள வாங்கிக்கும், வாங்கி எதையாவது பண்ணும். உன்ற தலைக்கு மேல தொங்கறதுக்கு உசுரு கெடையாது. சந்தேகமா இருந்தாக் கத்திரிக்கோல எடுத்து வெட்டிப் பாரு, வலிக்குதான்னு சொல்லு. உசுரோட இருக்கற வேலையெல்லாம் தோலுக்குக் கீழ, வேர்க்காலுல நடக்குது. அதுக்குச் சாப்பாடு ரத்தத்துல போவுது, ஷாம்புல போறதில்லே. வெளிய வந்த முடி செத்துப் போன கெரட்டின். செத்ததுக்கு ஊட்டச்சத்து ஊட்டறதா ஒருத்தன் சொன்னா, அவன் கெட்டிக்கார யேவாரி. அவனக் கும்புட்டுட்டு வா, நானே ஒரு காலத்துல அவன் சாதிதான்.

அதுக்காக அந்த மாஸ்க்கு சுத்த ஏமாத்துன்னு சொன்னா நான் பொய் சொன்னவனாயிருவேன். நீ போன தீவாளிக்கு முடிக்குச் செம்பட்டைச் சாயம் அடிச்சியே, அதுக்கு முந்தி ப்ளீச் பண்ணினாங்கல்ல, அதுல முடியோட மேல்பட்டை பேந்துபோகும். பேந்த எடத்துல எதிர்மின்சாரம் எச்சா இருக்கும். ஆர்ஜினின், லைசின் போல நேர்மின்சாரம் இருக்கற அமினோ அமிலம் அதுல போய் ஒட்டிக்கும். ஒடைச்ச புரதத்துலயும் பெரிய துண்டுக முடிமேல ஒரு படலமா நிக்கும். வெடிச்ச மண்சுவத்துமேல சாணி போட்டு வழிச்சு உடறாப்புல. தொட்டா வழவழன்னு இருக்கும், சீப்புல சிக்காது, அது நெசம். சுவரு கெட்டியாச்சான்னு மட்டும் கேக்காதே. ரெண்டு தடவை தலைக்கு வாத்துக்கிட்டா அதுவும் தண்ணியோட போயிரும், மறுபடியும் வழிக்கோணும். ப்ளீச்சே பண்ணாத முடிக்கு அதுல பாதிப் பலன்கூட இல்லே. ஆனா மொதல்ல ப்ளீச் விக்கறான், பொறவு மாஸ்க் விக்கறான். ஒரே கடையில, பக்கத்துப் பக்கத்து அலமாரியில. களையையும் களைக்கொல்லியையும் ஒருசேர விக்க எனக்கு இந்த யோசனை தோணாமப் போச்சே!

முகத்துக்குப் போடற சரக்குல கதை வேற, அங்க கொஞ்சம் நாயம் இருக்குது. தோலுக்கு மேலாப்புல இருக்கற அடுக்கும் செத்த செல்லுகதான், பதினஞ்சு இருவது அடுக்கு இருக்கும். அது காஞ்சு வெடிக்காம இருக்கறதுக்கு உடம்பே ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்குது. ஃபிலாகிரின்னு ஒரு புரதம். தோல் மேல வர வர அது ஒடைஞ்சு அமினோ அமிலமா ஆகுது, அந்த அமிலம் தண்ணிய இழுத்துப் புடிச்சு வெச்சுக்குது. அப்படித் தண்ணி புடிக்கற சரக்குல ஏறக்குறைய 40 சதவீதம் அமினோ அமிலம், 12 சதவீதம் அதுல இருந்தே வர்ற பி.சி.ஏ.ங்கற சாமான், இன்னொரு 12 சதவீதம் லாக்டேட், பொறவு 7 சதவீதம் என்னன்னு நெனைக்கறே?

யூரியா!

சிரிக்காதே. நான் மூட்டை மூட்டையா வித்த அதே யூரியா. 50 கிலோ மூட்டைய 2018-ல 45 கிலோவாக் கொறைச்சுட்டாங்களே, அதுதான். பித்தவெடிப்புக்கு டாக்டர் எழுதற கிரீமுல 10 சதவீதம் யூரியா இருக்கும், காச்சுப்போன தோலக் கரைக்கறதுக்கு அதுக்கும் மேல இருக்கும். அதுக்காகத் தோட்டத்து மூட்டையப் பிரிச்சுக் காலுல தேச்சுக்காதே. உரத்து யூரியாவுக்கு 2015-ல இருந்து வேப்பெண்ணெய் பூச்சு வேற கட்டாயம். சொன்னாச் செஞ்சு பாக்கற ஆளுக நம்மூருல இருக்கறாங்க, உன்ற மாமனே அந்த ரகந்தான்.

ஃபிலாகிரின் சரியா அமையாத ஆளுக உண்டு. 2006-ல ஸ்காட்லாந்துல டண்டீங்கற ஊருல இருக்கற ஆராய்ச்சிக்காரங்க அதோட மரபணுப் பழுதக் கண்டுபுடிச்சாங்க. அந்தப் பழுது இருந்தாத் தோல் செதில் செதிலா வறண்டு போகும், சின்ன வயசுலயே கரப்பான் வரலாம். உள்ளங்கையில ரேகையும் எச்சா இருக்கும், அதுவும் ஒரு அடையாளம். நம்ம சந்தைப்பேட்டைக் கைரேகை சோசியன் ரேகை எச்சா இருந்தா வெளிநாட்டு யோகம்பான். டாக்டர் பாத்தா கிரீம் தடவச் சொல்லுவாரு. நீ கையக் காட்டு... ஒண்ணுமில்லே, நல்லாத்தான் இருக்குது. வெளிநாட்டு யோகமும் இல்லே, போ.

ஆக, அமினோ அமிலம் போட்ட கிரீம் முகத்துல ஈரத்தப் புடிச்சு வெக்கும். அது சின்ன வேலை, ஆனா நெசமான வேலை. சுருக்கத்தப் போக்கும், தோல மறுபடியும் கட்டும், பத்து வயசு கொறைக்கும்ங்கறதெல்லாம் டப்பா மேல எழுதறதுக்கு எடம் இருக்குதுன்னு எழுதறது. இன்னொண்ணும் பாரு. இந்தத் தண்ணி புடிக்கற சரக்கு தண்ணியிலயே கரைஞ்சு போற சரக்கு. நீ காத்தால ஒருக்கா, சாய்ந்தரம் ஒருக்கா, கொதிக்கக் கொதிக்க வெந்நியில நின்னு வாத்துக்கறே. கட்டி சோப்போட காரம் பி.எச். கணக்குல 9, 10-ல நிக்குது. தோலுக்கு வேண்டியதோ 5 பக்கம், கொஞ்சம் புளிப்பா இருக்கோணும். இருந்த அமினோ அமிலத்தக் கழுவி வாய்க்கால்ல உட்டுட்டு, அதையே குப்பியில வாங்கியாந்து தடவறே. வாய்க்காலோரத்து வாழைக்குத்தான் யோகம்.

அதனாலதான் மொகம் கழுவற சரக்குல அமினோ அமிலத்தப் போட்டவன் கெட்டிக்காரன்னு சொல்லுவேன். அங்க அது ஊட்டறதுக்கு வரலே, அழுக்கெடுக்க வந்திருக்குது. உன்ற பச்சைக் குப்பியத் திருப்பி வாசி. 'சோடியம் கோக்கோயில் குளூட்டமேட்'னு இருக்குதா? நாக்கு சுளுக்கிக்கும், மெதுவாச் சொல்லு. தேங்கா எண்ணெய்ல இருக்கற கொழுப்பு அமிலத்த குளூட்டமிக் அமிலத்தோட கோத்தா வர்ற சாமான் அது. அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும், சோப்பு மாதிரி தோல வறட்டாது. தோலுக்கு ஒத்த புளிப்புலயே வேலை செய்யும். நொரை மட்டும் கம்மி.

குளூட்டமிக் அமிலம் யாருன்னு தெரியுதா? 1908-ல டோக்கியோவுல கிக்குனே இக்கேதாங்கற பேராசிரியர் கடல்பாசிக் கொதியில இருந்து ஒரு ருசியப் பிரிச்சு எடுத்தாரு. மறு வருசமே அது அஜினோமோட்டோங்கற பேருல கடைக்கு வந்துருச்சு. அதேதான்! பஸ் ஸ்டாண்டுக் கடையில ஃப்ரைடு ரைஸ் வாங்கறப்ப, "அண்ணா, அஜினோமோட்டோ போடாதீங்க, ஒடம்புக்கு ஆகாது"ன்னு அந்தப் பையன மெரட்டறியே, அதோட ஒடம்பொறப்பத்தான் டெய்லி மொகத்துல பூசி, கண்ணாடி பாத்துச் சிரிச்சுட்டு வர்றே. அந்தக் கம்பெனியே 1970-கள்ல இருந்து சோப்பு, ஷாம்பு செய்யறவங்களுக்கு இந்தச் சரக்க வித்துட்டு வருது. வயித்துக்கும் வித்தான், மூஞ்சிக்கும் வித்தான். இப்ப குளூட்டமிக் அமிலத்த யாரும் பாசியில இருந்து எடுக்கறதில்லே. 1950-கள்ல ஜப்பான்காரங்க ஒரு பாக்டீரியாவக் கண்டுபுடிச்சாங்க, அதுக்குக் கரும்பாலை மொலாசஸ ஊத்தினா அமிலமாக் கக்கும். நம்ம பேரல்ல நாட்டுச் சக்கரை, அவிங்க தொட்டியில மொலாசஸ். தொழிலு ஒண்ணுதான் அம்மிணி, பேண்ட்டுச் சட்டை மட்டும் வேற.

மிச்சம் பாதி தேங்கா. பொள்ளாச்சிப் பக்கத்துப் பொண்ணு, உன்ற அமுச்சி தேங்கா எண்ணெய் வெக்க வந்தா "பிசுபிசுங்குது"ன்னு ஓடறே. அதே கொழுப்புக்குக் கோக்கோயில்னு பேரு வெச்சு வந்தா மடியில தூக்கி வெச்சுக்கறே. அரப்பு நல்லதுன்னு சொல்லி உன்னைய மடக்கலாமான்னு பாத்தேன். வேண்டாம், நாயமாப் பேசுவோம். அரப்புங்கற உசிலை எலைப் பொடி அழுக்கெடுக்கும், குளுமையா இருக்கும். ஆனா கண்ணுல பட்டா உசுரு போகும், எத்தனை சொம்பு ஊத்தினாலும் காதோரம் பச்சைத்தூள் நிக்கும். அதோட ஆபீசுக்குப் போனா மாடு மேச்சுட்டு வந்தியான்னு கேப்பாங்க.

முன்பக்கம் அமினோன்னு எழுதிட்டு, பின்பக்கம் தண்ணிக்கு அடுத்தாப்புல சோடியம் லாரெத் சல்ஃபேட் வர்ற குப்பியும் இருக்குது. அப்படின்னா அழுக்கெடுக்கற ஆளு அவன், அமினோ வாசல்ல நின்னு வணக்கம் சொல்றவன். இதுக்கு ஒரு கணக்கு சொல்லித் தர்றேன். எது எடையில எச்சோ அது முந்தி வரோணும்ங்கறது விதி. 1 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருக்கறத எந்த வரிசையில வேணும்னாலும் எழுதிக்கலாம். கெட்டுப்போகாம இருக்க ஃபீனாக்ஸிஎத்தனால்னு ஒண்ணு போடுவாங்க, அது 1 சதவீதத்தத் தாண்டக் கூடாது. அதுக்குப் பின்னாடி எத்தனை அமினோ அமிலம் அணிவகுத்து வந்தாலும் ஒவ்வொண்ணும் 1 சதவீதத்துக்கு உள்ளதான். கிளைசின், செரின், அலனின், புரோலின், திரியோனின்னு உன்ற சீரம் குப்பியில பதினாறு பேரு வர்றாங்களே, அவிங்க எங்க நிக்கறாங்கன்னு நீயே போய்ப் பாரு. நான் பாத்துட்டேன், சொல்லமாட்டேன்.

இப்பத்தான் சிரிப்ப நிறுத்திட்டுப் பேசறேன். தையில உன்ற சித்தி மகளுக்குக் கல்யாணம், அதுக்கு முந்தி 'அமினோ ஸ்மூத்தனிங்' பண்ணிக்கப் போறதா போன்ல பேசிட்டிருந்தே. காதுல உழுந்துருச்சு, ஒட்டுக் கேக்கலே. முடியில சிஸ்டின்னு கந்தகம் கலந்த அமினோ அமிலம் ஒண்ணு எச்சா இருக்குது. முடி பொசுங்கினா ஒரு நாத்தம் வருதே, அது அந்தக் கந்தகம். அந்தக் கந்தகப் பிடிப்புகதான் உன்ற முடி சுருட்டையா நீட்டமான்னு முடிவு பண்ணுது. சுருள நேராக்கறதுக்கு ஒண்ணு அந்தப் பிடிப்ப ஒடைச்சு மாத்திக் கட்டுவாங்க, இல்லாட்டி வேற மருந்தப் பூசிச் சூட்டுக் கம்பியில இழுத்து முடிய அப்படியே நிக்க வெப்பாங்க. ரெண்டாவது வழியில பழைய மருந்து ஃபார்மால்டிஹைட். பள்ளிக்கூடத்து லேப்புல தவளையப் போட்டு வெச்ச சீசா நெனைப்பிருக்குதா, அந்த வாடை. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை 2004-லயே அது மனுசனுக்குப் புத்து வரவைக்கும்னு சொல்லீட்டாங்க. அதுக்கப்பறம் 'ஃபார்மால்டிஹைட் இல்லை'ன்னு எழுதி, உள்ள கிளையாக்ஸிலிக் அமிலமும், அதையே அமினோ அமிலத்தோட கோத்த 'கிளையாக்ஸிலாயில் கெரட்டின் அமினோ ஆசிட்ஸ்'ங்கற சரக்கும் வந்துச்சு. கேக்கறதுக்குச் சத்துணவு மாதிரி இருக்குது. கம்பியில சூடேத்தினா அதுவும் ஃபார்மால்டிஹைட்டக் கக்கும்.

2024-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு பொண்ணப் பத்தி எழுதியிருந்தாங்க. வயசு 26. சலூன்ல முடிய நேராக்கிட்டு வந்த மூணு தடவையும் அவளுக்கு வாந்தி, காச்சல், முதுகுவலி வந்து கிட்னி பழுதாகிப் போச்சு. தடவின கிரீமுல இருந்தது கிளையாக்ஸிலிக் அமிலம். அதையே எலி முதுகுல தடவிப் பாத்தா எலியோட கிட்னியில உப்புப் படியுது. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு நான் சொல்லலே. ஆனா உன்ற சுருட்டை முடி உன்ற அமுச்சியோடது. அதப் பாத்துத்தான் நான் அவளக் கட்டினேன். நேராக்கிட்டு வந்தீன்னா கல்யாணத்துல என்ற பேத்தி எங்கன்னு தேடோணும்.

முடின்னு சொன்னதும் இன்னொரு வேடிக்கை ஞாபகம் வருது. பழனிக்கும் திருப்பதிக்கும் போய் மொட்டை போட்டுட்டு வர்றோமே, அந்த முடி ஏலத்துக்குப் போறது உனக்குத் தெரியும். நீட்டமானது சவுரிக்கும் விக்குக்கும் போகுது. துண்டு துணுக்குக்கும் கிராக்கி உண்டு, அமிலத்துல வேக வெச்சா அதுல இருந்து அந்தச் சிஸ்டின எடுக்கலாம். கோழி எறகு, வாத்து எறகுல இருந்தும் எடுப்பாங்க, இப்ப நொதிக்க வெச்சும் எடுக்கறாங்க. ஐரோப்பாக்காரங்க மனுச ஒடம்புல இருந்து எடுத்ததக் கிரீமுல போடவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. அவிங்க மூஞ்சி தப்பிச்சுது.

அப்ப உசுருள்ள வேருக்கு எப்படித்தான் அமினோ அமிலத்தச் சேக்கறதுன்னு கேளு. வாய் வழியாத்தான். அதுக்கு விளம்பரம் கெடையாது, அதான் உனக்குத் தெரியலே. நம்ம அரிசிம்பருப்பு சோத்துல அரிசிக்கு லைசின் பத்தாது, பருப்புக்கு மெத்தியோனின் பத்தாது. ரெண்டும் ஒரே சட்டியில வேகறப்ப ஒண்ணோட கொறைய இன்னொண்ணு தீக்குது. முடிக்கு வேணுங்கற கந்தகச் சரக்கு அந்த மெத்தியோனின்ல இருந்துதான் ஒடம்பு செஞ்சுக்குது. ஐ.சி.எம்.ஆர். 2020-ல போட்ட கணக்குல, ஒரு கிலோ ஒடம்பு எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேணும். உன்ற 55 கிலோவுக்கு 46 கிராம். நாமக்கல் முட்டை ஒண்ணுல 6 கிராம் வரும். நீ காத்தால ஒரு காப்பி, மத்தியானம் ரெண்டு பிஸ்கோத்து, ராத்திரி டயட்டுன்னு ஒரு வெள்ளரிக்கா. பதினாறு அமினோவும் தலைக்கு மேல ஒழுகுது, வயித்துக்குள்ள ஒண்ணுகூட எறங்கலே.

போன மாசியில உனக்குக் காச்சல் வந்துச்சு, சித்திரை வைகாசியில கொத்துக் கொத்தா முடி உழுந்துச்சு, நெனைப்பிருக்குதா? பெரிய காச்சலுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு அப்படித்தான் உழுகும். வேரு கெட்டுப் போயிருக்காது, தூங்கப் போயிருக்கும். ஆறேழு மாசத்துல தானா வந்துரும். நீ அந்த வைகாசியிலதான் சீரம் வாங்கினே. ஆவணியில முடி நின்னுச்சு, உடனே குப்பிக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துட்டே. மழை வர்ற வாரத்துல ஊக்கி வித்து நான் வாங்கின நல்ல பேரு கொஞ்சமா?

சரி, இப்ப உள்ள போய் உன்ற அமுச்சி பருப்புக் கடையறாளான்னு பாத்துட்டு வா. அப்படியே அடுத்த சனிக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து வர்றப்ப எனக்கொண்ணு வாங்கியா. குதிகால் ரெண்டும் பொளந்து கெடக்குது. 10 சதவீதம் யூரியா போட்ட கிரீம், வாசனை இல்லாதது, மருந்துக்கடையிலயே கெடைக்கும். அமினோன்னு எழுதியிருந்தா வேண்டாம், வெலை எச்சாச் சொல்லுவான். பில்ல உன்ற அமுச்சிகிட்டக் காட்டாதே.